ஓர் அணா ஒன்பது தம்பிடி உதைக்கிறது (பழைய வீட்டுக் கணக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் பார்க்கவும்)

வளவுக்காரன்:

சென்ற மாதம் என் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டை ஒழித்தோம். பங்கு பிரிந்து, ஆளுக்கொரு சாவியாகிப் பத்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீடு. எனாமல் தூக்குகளையும் மரவைகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வந்த வியாபாரி விலை பேசி எடுத்துக்கொண்டு போனார். இரண்டாங்கட்டு அறைப் பெட்டகத்தின் அடியில் இருந்த நீளக் கணக்குப் புத்தகம் ஒன்றை மட்டும் அவர் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்துவிட்டார். அதை நான் எடுத்து வந்தேன்.

வட்டிக்கடைப் பேரேடு அல்ல. வீட்டுச் செலவுக் குறிப்பு. ஆனந்த வருஷம், அதாவது 1914-15. கையெழுத்து என் ஆயாவின் மாமியாருடையது என்று அம்மா சொல்கிறார். ஆண்கள் எல்லாரும் அப்போது ரங்கூனில்.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பக்கம் இது. எண்கள் தமிழ் எண்களில் இருக்கின்றன, மாற்றி எழுதுகிறேன். மூன்று பத்தி. தலைப்பு இல்லை. ரூபாய், அணா, தம்பிடி என்று எடுத்துக்கொண்டேன்.

வெற்றிலை 0-0-15
கீரை 0-0-5
விளக்கெண்ணெய் 0-1-10
கத்தரிக்காய் 0-0-18
பூ 0-0-6
தயிர் 0-1-4
வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு 0-0-2

கீழே கோடு கிழித்து 0-5-3 என்று மொத்தம் போட்டிருக்கிறார்கள். நான் கூட்டினால் ஏழு அணா வருகிறது. 12 தம்பிடி ஓர் அணா என்ற கணக்கில் ஓர் அணா ஒன்பது தம்பிடி உதைக்கிறது, அதாவது ஒத்துவராமல் நிற்கிறது. ஒரு பக்கமல்ல, எல்லாப் பக்கமும் இப்படித்தான். அந்தக் காலத்து ஆச்சிமார் கணக்கில் புலி என்று கேட்டே வளர்ந்தவன் நான். எங்கே பிசகு?

மிட்டாய்ச் சில்லறை:

ஒரு தம்பிடிக்குப் பிரயோசனம் இல்லாத கேள்வி என்று சொல்லத்தான் வந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன், இது 21 தம்பிடிக் கேள்வி. இருக்கட்டும், கேளுங்கள்.

அரைக்காணி:

முதலில் எண்களைச் சரியாகப் படித்தீர்களா? ௰ என்ற பத்தின் குறியைப் பலர் 'ய' என்று படித்துவிடுவார்கள். ௰௫ பதினைந்து, ௰௮ பதினெட்டு. ௧, ௪, ௬ மூன்றும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோல இருக்கும். பள்ளியில் முப்பது ஆண்டு பிள்ளைகளின் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கேட்கிறேன்.

வளவுக்காரன்:

படித்தது சரிதான், ஐயா. என் அம்மாவும் பார்த்தார். 15, 18 இரண்டும் ஐயமில்லாமல் தெளிவாக இருக்கின்றன.

பெட்டியடி:

அப்படியானால் அது தம்பிடி அல்ல.

கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பச்சி (அப்பா) அதற்கு முன்பு ரங்கூன் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்தவர்) வரை வந்தவர். எந்தக் கணக்கெழுதியும் தம்பிடிப் பத்தியில் 15 என்று எழுதமாட்டான். 12 ஆனதும் ஓர் அணாவாகத் தூக்கி இடது பக்கம் போட்டுவிடுவான். அந்தப் பத்தியில் 11க்கு மேல் எண் நிற்காது. மணி எழுதும்போது நிமிடத்தை 60க்கு மேல் யாராவது எழுதுவார்களா? உங்கள் பக்கத்தில் 15 நிற்கிறது, 18 நிற்கிறது. ஆகவே அந்த வீட்டில் ஓர் அணாவுக்குக் குறைந்தது 19 ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அது என்ன காசு என்று எனக்குத் தெரியவில்லை. ரங்கூன் கணக்கிலும் காரைக்குடிக் கணக்கிலும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி. இதற்கு மேல் நான் கண்டதில்லை.

இன்னொன்று. தம்பிடி என்பது கையில் புழங்கியதைவிட ஏட்டில் புழங்கியதே அதிகம் என்பது என் எண்ணம். வட்டிச்சிட்டையில் மாத வட்டியை நாளுக்குப் பிரித்தால் கடைசியில் தம்பிடி வந்து நிற்கும். ஐந்தொகை (வரவு செலவு நேர்பார்க்கும் கணக்கு) எடுக்கும்போது ஒரு தம்பிடி உதைத்தால் அப்பச்சியைத் தூங்க விடமாட்டார்களாம். கடைப் பொறுப்பாளரான மேலாள் விளக்கைத் தூண்டிவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவாராம். சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். வங்கியில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. ஒரு தம்பிடி உதைத்தால் தவறு ஒரு தம்பிடிதான் என்று பொருளல்ல. ஓரிடத்தில் 100 ரூபாய் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் 99 ரூபாய் 15 அணா 11 தம்பிடி குறைவாகவும் எழுதியிருந்தாலும் உதைப்பது ஒரு தம்பிடிதான். அந்தச் சின்னக் காசு வாங்கவும் விற்கவும் இருந்ததல்ல. பெரிய பொய்யைக் காட்டிக்கொடுக்க இருந்தது.

சந்தைப்பேட்டை:

பெட்டியடி ஐயா, "கையில் புழங்கியதைவிட ஏட்டில்" என்று எழுதிவிட்டீர்கள். யார் கையில் என்று கேட்கிறேன்.

என் அப்பத்தா உங்கள் வீடுகளில் நெல் குத்தியவள், முற்றம் தெளித்தவள். தம்பிடியும் காலணாவும் அவளுக்கு ஏட்டில் இல்லை. முந்தானை முடிச்சில் இருந்தன. கடைக்குப் போனால் ஒரு பொட்டலம் உப்பு, இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கில் பாதி, கைக்குள் அடங்கும் புகையிலை என்று வாங்குவாள். மாதச் சாமான் என்று ஒருநாளும் வாங்கியதில்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு. அதற்குத் தம்பிடியை விட்டால் வேறு வழியில்லை. முழு ரூபாயாகச் சாமான் எடுக்கிறவர்களுக்குத்தான் சின்னக் காசு கணக்கில் வரும் மிச்சம். எங்களுக்கு அதுதான் முதல்.

கோபத்தில் எழுதவில்லை. பக்கத்தில் இருக்கிற கடைசி வரி என் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். 2.

திருக்கோகர்ணத்தான்:

வளவுக்காரன், ஊர் எது என்று நீங்கள் சொல்லவே இல்லையே! ஆயா வீடு எந்த ஊர்?

வளவுக்காரன்:

கோனாபட்டு. நான் இருப்பது காரைக்குடி என்பதால் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. ஏன்?

திருக்கோகர்ணத்தான்:

தீர்ந்தது வழக்கு.

செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் 1914ல் காரைக்குடியும் தேவகோட்டையும் வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணம். கோனாபட்டு, இராயவரம், இராமச்சந்திரபுரம், மேலைச்சிவபுரி, குழிபிறை, பனையப்பட்டி இவையெல்லாம் புதுக்கோட்டைச் சமஸ்தானம், தொண்டைமான் சீமை. பெண் கொடுத்து எடுத்ததில் எல்லை கிடையாது, காசில் இருந்தது.

புதுக்கோட்டைக்கென்று ஒரு சின்னச் செப்புக்காசு இருந்தது. அம்மன் காசு. ஒரு பக்கம் எங்கள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். அளவு சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அணாவும் ரூபாயும் பிரிட்டிஷ் இந்திய நாணயம்தான். அதற்குக் கீழே இந்தக் காசு. ஓர் அணாவுக்கு 20.

இப்போது கூட்டிப் பாருங்கள். 15, 5, 10, 18, 6, 4, 2. மொத்தம் 60 காசு. இருபதுக்கு ஓர் அணா என்றால் 3 அணா. எண்ணெயிலும் தயிரிலும் உள்ள 2 அணாவைச் சேர்த்தால் 5 அணா. ஆச்சி புலிதான்.

நவராத்திரியின்போது அரண்மனையில் அரிசியும் அம்மன் காசும் தானம் கொடுப்பது வழக்கம். நீங்கள் காட்டிய பக்கமும் புரட்டாசிதான். காசு மாற்றிய குறிப்பு ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஐயம் முழுவதும் தீரும்.

வளவுக்காரன்:

இருக்கிறது! இரண்டு பக்கம் தள்ளி. "காசு வாங்க 0-5-0". ஓரத்தில் சின்னதாக ௱ என்று ஒரு குறி. இதுநாள்வரை மைக்கறை என்று நினைத்தேன். அது நூறு. ஐந்து அணாவுக்கு நூறு காசு!

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பெண்பிள்ளையின் கணக்கைத் தப்பு என்று நினைத்ததற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும். நினைத்தது நான் ஒருவன், அதுவும் ஒரு மாதமாகத்தான் என்றாலும்.

அரைக்காணி:

எல்லாரும் காசைப் பார்க்கிறீர்கள். நான் அந்த எண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அணாவுக்கு 20 காசு, ரூபாய்க்கு 16 அணா. ஆக ரூபாய்க்கு 320 காசு.

320ல் ஒன்று என்ன? முந்திரி!

எண்சுவடி படித்த தலைமுறை போய்விட்டது, அதனால் சொல்கிறேன். நம் பழைய கணக்கில் ஒன்றை இரண்டாக, நாலாக, எட்டாக, பதினாறாக உடைப்பார்கள். பதினாறில் ஒன்று மாகாணி அல்லது வீசம். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று என் பெயர். முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்குக் கீழே கீழ்முந்திரி, இம்மி என்று போகும். "இம்மியளவும் நகரவில்லை" என்று எழுதுகிறோமே, அது இந்த வாய்பாட்டிலிருந்து வந்ததுதான்.

ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. ஓர் அம்மன் காசு என்பது ரூபாயில் முந்திரி. இதற்காகத்தான் 20 என்று வைத்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் எண்சுவடி தெரிந்த அந்த ஆச்சிக்கு 12 தம்பிடியைவிட 20 காசு மடியில் கட்டின கணக்காக இருந்திருக்கும். தம்பிடியில் ரூபாய்க்கு 192. அதற்குத் தமிழ் வாய்பாட்டில் பெயரே கிடையாது.

கொழும்புக் கடை:

இரண்டு நாட்டுக் காசு பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். எங்கள் ஐயாவுக்கு ரங்கூன் கிடையாது, கொழும்பு. இலங்கையில் 1872லேயே ரூபாய்க்கு 100 சதம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே அரைச் சதம், கால் சதம் என்றுகூடச் செப்புக்காசு இருந்தது. மலாயாவுக்குப் போனவர்களுக்கு வெள்ளி, அதற்கும் நூறு சதம். பர்மாவுக்குப் போனவர்களுக்கு மட்டும் நம் ஊரைப் போலவே அணாவும் பையும் (தம்பிடி).

ஆக ஒரே தெருவில், ஒரே கோயில் பங்காளிகள் மூன்று வீட்டில் மூன்று விதமாகக் கூட்டினார்கள். 1957 ஏப்ரல் 1ல் இந்தியாவில் நயா பைசா வந்தபோது நாடே தலையைச் சொறிந்தது. எங்கள் வீட்டில் ஐயா, "இதற்கா இத்தனை கலவரம், சதம் என்று எழுதிக்கொண்டு போ" என்றாராம். எங்கள் வீட்டுப் பேரேட்டில் 1958 வரை 'ச' என்றுதான் தலைப்பு இருக்கிறது, பைசா என்று இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

கொழும்புக்காரர் வீட்டில் சிரித்திருக்கலாம். எங்கள் வீட்டில் நான் அடி வாங்கினேன்.

1957ல் எனக்கு எட்டு வயது. கடைக்குப் போய்வருவது என் வேலை. கடை வாசலில் ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள். காலணாவுக்கு 2 நயா பைசா, அரையணாவுக்கு 3, முக்காலணாவுக்கு 5, ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஆறும் ஆறும் பன்னிரண்டு சரி. ஆறு நாலு இருபத்து நாலுதானே, இருபத்தைந்து எப்படி? அப்பத்தாவிடம் கணக்குக் கொடுக்கும்போது ஒரு பைசா இடித்தது. தேன்மிட்டாய் வாங்கித் தின்றாய் என்று தொடையில் ஒரு கிள்ளு.

மறுநாள் அப்பச்சி விளக்கிச் சொன்னார். ஓர் அணா என்பது ஆறேகால் பைசா. காலை எங்கே போய் வாங்குவது? அதனால் வெட்டி, ஒட்டி, நாலணாவில் நேர் செய்கிறார்கள் என்று. அன்றைக்கே அப்பத்தா ஒரு முடிவெடுத்தாள். நாலணாச் சாமானை ஒரேயடியாக வாங்காதே, ஓர் அணா ஓர் அணாவாக நாலு தடவை வாங்கு, ஒரு பைசா மிச்சம் என்றாள். வெயிலில் நாலு நடை நடந்தது நான்.

பெட்டியடி:

ஆச்சி, உங்கள் அப்பத்தாவுக்கு வங்கியில் வேலை கொடுத்திருக்கலாம்.

சந்தைப்பேட்டை:

ஆச்சியின் அட்டையை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஓர் அணாவாக வாங்கியவருக்கு நாலணாவுக்கு ஒரு பைசா லாபம், சரி. காலணாவாக வாங்கியவருக்கு? நாலணாவில் 16 காலணா. காலணாவுக்கு 2 பைசா என்றால் 32 பைசா. இருபத்தைந்துக்கு வாங்க வேண்டியதை முப்பத்திரண்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். ஏழு பைசா நட்டம்.

காலணாவுக்குமேல் ஒன்றையும் வாங்க முடியாதவர் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பெட்டியடி:

இதை நான் யோசித்ததில்லை. வங்கியில் மாற்று அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தார்கள், அப்படியே போட்டுக்கொண்டு போனோம். கூட்டுத்தொகையில் அரைப் பைசாவுக்கு மேல் பிசகு வராது என்று சொல்லிக்கொண்டோம். ஒரு தடவைக்கு வராது, உண்மைதான். தினம் நாலு தடவை காலணாவுக்கு வாங்குகிறவருக்கு வந்திருக்கிறது. உங்கள் கணக்குச் சரி. மேலே ஏடு, கை என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

திருக்கோகர்ணத்தான்:

இழை கனத்துவிட்டது. கொஞ்சம் இறக்குகிறேன். செலவழிப்பதைத் தவிர வீட்டில் சின்னக் காசை எதற்கெல்லாம் வைத்திருந்தார்கள் என்று யாராவது எழுதுங்கள். நான் பார்த்தது: ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை யுத்தச் செம்புப் பஞ்சத்தில் நடுவில் பெரிய துளையோடு அடித்தார்கள். எங்கள் தெருவில் அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டாத பையன் கிடையாது. சைக்கிள் கடைக்காரர் வாஷராகப் போட்டார். கடையில் வாஷரின் விலை அதைவிடக் கூடுதலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:

மருந்துக்கு நிறுப்போம். சித்தரத்தை ஒரு ரூபாய் எடை, திப்பிலி அரை ரூபாய் எடை என்றுதான் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கும் பக்குவம் சொல்வார்கள். அந்த ரூபாய் இப்போதைய தகடு அல்ல. பழைய வெள்ளி ரூபாய், சரியாக ஒரு தோலா, பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. இப்போது சில பெண்கள் இன்றைய ரூபாயை வைத்து நிறுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

பழனிக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து சாமி அறையில் வைப்போம். காவடி நடைபயணம் போகும்போது அதை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் சேர்ப்போம். எந்தக் காசு முடிந்தோமோ அதே காசு. என் மாமியார் முடிந்துவைத்த நாலணா ஒன்று 2011ல் செல்லாமல் போயிற்று. ஜூன் 30க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் கிடையாது என்றார்கள் அல்லவா? முருகனுக்குச் செல்லாக்காசைப் போடலாமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம். முடிந்த அன்றைக்குச் செல்லும்தானே என்று சொல்லிப் போட்டுவிட்டோம்.

சந்தைப்பேட்டை:

இறந்தவர் நெற்றியில் வைக்கும் காசு. வாய்க்கரிசியோடு போடும் காசு. அரிசி பிணத்துக்கு, காசு மயானத்தில் வேலை செய்பவருக்கு. இப்போது அதற்கு ஒரு ரூபாயாவது வேண்டும். முன்பு ஐந்து பைசா போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலுமினிய ஐந்து பைசா ஒன்றரை கிராம்தான். அரிசிக்குள் விழுந்தால் சத்தமே கேட்காது.

மிட்டாய்ச் சில்லறை:

நான் மளிகைக்கடை வைத்திருக்கிறேன், பெயர் அப்படி வந்ததுதான். ஐம்பது பைசா இன்றைக்கும் செல்லும், ஆனால் பத்து ரூபாய்வரைதான் வாங்கியாக வேண்டும் என்று 2011ம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்கிறது. நான் ஒரு முறை வாடிக்கையாளரிடம் ஐம்பது பைசாவை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஏதோ வீட்டில் கஷ்டம் போலிருக்கிறது என்ற இரக்கம். அதிலிருந்து மிட்டாய்தான். ஆனால் மிட்டாயை யாராவது எனக்குத் திருப்பிக் கொடுத்துச் சாமான் கேட்டால் வாங்குவேனா? வாங்கமாட்டேன். ஆகவே அது காசல்ல, நான் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, என் கேள்வி இது. திருக்கோகர்ணத்தான் "தீர்ந்தது வழக்கு" என்றார். எங்கே தீர்ந்தது? அவர் கூட்டியது 5 அணா. பக்கத்தில் இருப்பது 5 அணா 3 காசு. அந்த மூன்று காசு எங்கே? கணக்கப்பிள்ளை யாராவது வாயில் போட்டுக்கொண்டாரா?

திருக்கோகர்ணத்தான்:

மூன்றைக் கவனிக்கவே இல்லை. மன்னிக்கவும்.

பெட்டியடி:

கணக்கப்பிள்ளைகளை விட்டுவிடுங்கள், தம்பி. திருடுகிறவன் கீரையை 8 காசு என்று எழுதுவான். யார் போய்க் கீரைக்காரியிடம் கேட்கப்போகிறார்கள்? கூட்டுத்தொகையில் கை வைப்பவன் அகப்படுவதற்கென்றே வைக்கிறான். மேலும் இது ஆச்சியே எழுதியது என்று மேலே இருக்கிறது. தன் பணத்தைத் தானே ஏன் திருட வேண்டும்?

சிறுவாடாக, அதாவது வீட்டுப் பெண்ணின் ரகசியச் சேமிப்பாக இருக்கலாம். ஆனால் சிறுவாடு சேர்க்கிறவளும் மொத்தத்தில் காட்டிக்கொடுக்கமாட்டாள்.

வளவுக்காரன், ஒரு வேலை செய்யுங்கள். அந்த மாதம் முழுவதையும் இருபதுக்கு ஓர் அணாவாகத் திரும்பக் கூட்டி, எந்தெந்த நாளில் எவ்வளவு உதைக்கிறது என்று எழுதுங்கள். பிசகு என்றால் கண்டபடி இருக்கும். வேண்டுமென்றே செய்தது என்றால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கும்.

வளவுக்காரன்:

நேற்று இரவு முழுவதும் கூட்டினேன். என் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்; மேலாள் நினைவு வந்தது.

புரட்டாசியில் நாலு சனிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் காசு பிசகாமல் நேராக இருக்கின்றன. சனிக்கிழமைகளில் முதல் மூன்றிலும் மூன்று மூன்று காசு மொத்தத்தில் கூடுதல். நாலாம் சனிக்கிழமை உதைக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த மூன்று பக்கங்களிலும் கடைசிச் செலவுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறது. மற்ற நாட்களில் அப்படி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம்தான் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது, 1914 செப்டம்பர் 22. அதைப் பற்றி ஓர் எழுத்துக் கிடையாது. கீரை 5 காசு என்பது மட்டும் இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

புரட்டாசிச் சனிக்கிழமையா? இதற்கா ஓர் இரவு விழித்தீர்கள்! என்னைக் கேட்டிருக்கலாமே.

நாமம் போட்டுக்கொண்டு, செம்பை ஏந்திக் "கோவிந்தா" பாடி வருவார்கள். அரிசி போடுவோம், அதோடு ஒரு காசு. எங்கள் வீட்டிலும் கொடுப்பதை எழுதுவதில்லை. எழுதினால் கொடுத்ததாகாது என்பார் என் மாமியார். ஆனால் பெட்டியில் பணம் குறையுமே, அதனால் மொத்தத்தில் வந்தாக வேண்டும். ஒரு வரியை விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறார். மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

சந்தைப்பேட்டை:

ஆச்சி சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதே பக்கத்தில் "வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு 2" என்பது எழுதப்பட்டிருக்கிறது. பாடியவருக்குக் கொடுத்தது தர்மம், அதனால் எழுதவில்லை. துணி கொண்டுவந்த பிள்ளைக்குக் கொடுத்தது செலவு, அதனால் கீரைக்கும் தயிருக்கும் கீழே எழுதியாயிற்று. அந்தப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டானோ!

பள்ளத்தூர் ஆச்சி:

கூலியைத் தர்மம் என்று எழுதாமல் விட்டிருந்தால் அது அல்லவா தப்பு?

சந்தைப்பேட்டை:

அதுவும் நியாயம்தான், ஆச்சி. இரண்டு காசு கூலி என்பதில்தான் எனக்குச் சண்டை. எழுதியதில் இல்லை.

மிட்டாய்ச் சில்லறை:

நாலாம் சனிக்கிழமை ஏன் யாரும் வரவில்லை? இதையும் விடமாட்டேன்.

வளவுக்காரன்:

அந்தப் பக்கத்தை இப்போதுதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏழு செலவு எழுதியிருக்கிறது. அதில் பூ இல்லை, கீரை இல்லை, தயிர் இல்லை. நாலாவது வரியில் "ஒழுகின இடத்தில் ஓடு மாற்ற ஆள் கூலி 0-4-0". அன்றைக்கு நல்ல மழை போலிருக்கிறது.

பெட்டியடி:

இருக்கலாம். இருந்தாலும் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். இருபதுக்கு ஓர் அணா.